மூணாறு மழையில் நொந்த கருப்பு பைன்: ஒரு போன்சாய் நிகழ்வு ஆய்வு

2018 செப்டம்பர் கடைசியில் மாமா அந்த மரத்தை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். பின்சீட்டில் ஈரச் சாக்கை விரித்து, தொட்டியைக் கயிற்றால் கட்டி, வளைவுக்கு வளைவு ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டே மூணாறிலிருந்து காந்தளூரில் என் வீடு வரைக்கும் வந்திருக்கிறார். ஆகஸ்ட் வெள்ளத்தில், வழியில் பெரியவரை என்ற இடத்தில் இருந்த பாலம் போய்விட்டதால் அதற்கு முன்னால் வர வழியில்லை. அது குறிஞ்சி பூத்த வருஷம். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள், மாமா மட்டும் தொட்டியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

“பொழைக்குமா, பாத்துச் சொல்லு மாப்ளே” என்றார். நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் மரம் இல்லை.

இந்த ஒரு மரத்துக்கு என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, எப்படித் தேறியது என்பதை ஆரம்பத்திலிருந்து எழுதி வைக்கிறேன். நம் மலைகளில் பைனைப் போன்சாயாக, அதாவது தொட்டியில் குட்டை மரமாக, வளர்க்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பலர் மாமா செய்ததையே செய்துகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

மரம் ஜப்பானியக் கருப்பு பைன். தாவரவியலில் பைனஸ் துன்பெர்கி, ஜப்பானில் குரோமாட்சு. 2003இல் மாமாவே விதையிலிருந்து முளைக்க வைத்தது. நண்பர் ஒருவர் கொடுத்த பத்துப் பன்னிரண்டு விதைகளை ஈர மணலில் பொதிந்து ஒன்றரை மாதம் ஃபிரிட்ஜில் வைத்து, பிறகு நட்டிருக்கிறார். பனிக்காலம் முடிந்துவிட்டது என்று விதையை நம்பவைக்கும் வேலை அது. முளைத்தவற்றில் ஒன்றைத் தேயிலை எஸ்டேட் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் தரையில் எட்டு வருஷம் வளர விட்டார். 2011இல் ஃபீல்டு ஆபீசர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. வீட்டோடு மரத்தை விட்டுவிட்டுப் போக மனசில்லாமல் தோண்டித் தொட்டிக்கு மாற்றிக்கொண்டார். என்னிடம் வந்தபோது உயரம் 48 சென்டிமீட்டர், அடித்தண்டு 5 சென்டிமீட்டர். பட்டை கீழே ஒரு சாண் உயரத்துக்கு வெடித்துத் தடித்திருந்தது. கருப்பு பைனுக்கு அழகே அந்தப் பட்டைதான்.

மற்றபடி கண்ணில் பட்டதெல்லாம் கவலை. இடதுபக்கம் கீழிருந்த முதல் கிளை முழுக்கப் பழுப்பு. பின்கிளையும் அப்படியே. மீதிக் கிளைகளில் ஊசியிலைகள் நுனியிலிருந்து பாதி வரை காய்ந்து, பச்சைப் பகுதியிலும் பட்டை பட்டையாகப் பழுப்பு விழுந்திருந்தது. ஒரு ஊசியைக் கிள்ளிக் கைலென்ஸில் பார்த்தேன். காய்ந்த இடத்தில் கடுகை நாலாய் உடைத்தது போலக் கறுப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. பூஞ்சைதான். தொட்டியில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். மேலேயே தேங்கி நின்று, உள்ளே இறங்க நாலு நிமிஷத்துக்கு மேல் ஆனது. நல்ல போன்சாய் மண்ணில் ஊற்றின கையோடு தண்ணீர் அடித்துவாரத்தில் வந்துவிட வேண்டும்.

மாமா முதலில் பூஞ்சையைத்தான் குற்றம் சொன்னார். “இந்த வருஷம் பேஞ்ச மழைக்கு எதுதான் தாங்கும்?” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2018 மழை சாதாரண மழை இல்லை. ஆனால் அதை மட்டும் காரணம் என்று எழுதி முடித்துவிட்டால் அடுத்த வருஷமும் மரம் சாகும். அதனால் அவருடைய போனில் இருந்த பழைய படங்களை எல்லாம் வாங்கிப் பார்த்தேன். எனக்கு விஷயம் பிடிபட்டது அங்கேதான்.

பைனில் ஒவ்வொரு வசந்தத்திலும் கிளை நுனியில் மெழுகுவர்த்தி மாதிரி நீண்ட குருத்து எழும். போன்சாய்க்காரர்கள் கேண்டில் என்பார்கள். நான் குருத்து என்றே எழுதுகிறேன். கருப்பு பைனுக்கு ஒரு குணம் உண்டு. அந்தக் குருத்தைக் கோடையில் அடியோடு வெட்டினால், வெட்டின இடத்தைச் சுற்றி இரண்டாம் முறை சின்னச் சின்ன மொட்டுகள் வரும். வளர மிச்சமிருக்கும் நாள் குறைவு என்பதால் அந்த இரண்டாம் தளிரின் ஊசிகள் குட்டையாக நின்றுவிடும். சாதாரணமாக 7 முதல் 12 சென்டிமீட்டர் வரை போகிற ஊசி பாதியாகிறது, ஒரு நுனி இரண்டாகக் கிளைக்கிறது. சின்ன மரம் பெரிய மரம் போலத் தோன்றுவது இதனால்தான். ஐந்து ஊசி கொண்ட ஜப்பானிய வெள்ளை பைனுக்கு இது பொருந்தாது. அதன் குருத்தை இப்படி வெட்டினால் அந்த வருஷத்து வளர்ச்சி அத்தோடு போச்சு.

மாமா இதைச் சரியாகத்தான் படித்திருந்தார். ஜூன் இரண்டாம் வாரம் வெட்ட வேண்டும் என்று ஒரு நோட்டில் குறித்தும் வைத்திருந்தார். 2016இல் வெட்டினார், 2017இல் வெட்டினார், 2018இலும் வெட்டினார். மூன்று வருஷமும் எல்லாக் குருத்தும் ஒரே நாளில். 2016 மே மாதப் படத்தில் உச்சிக் குருத்து என் நடுவிரல் நீளம் இருக்கிறது. 2017இல் அதில் பாதி. 2018 மே படத்தில் கீழ்க்கிளைக் குருத்துகள் ஒரு தீக்குச்சி அளவுகூட இல்லை. மரம் மூன்று வருஷமாக இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. வெள்ளம் வந்தது கடைசியில்தான். 2018இல் வெட்டிய 41 குருத்தில் திரும்பத் துளிர்த்தவை 23. துளிர்க்காத 18இல் பெரும்பாலானவை கீழ்க்கிளைகளில் இருந்தவை.

படங்களை வரிசையாக வைத்துக் காட்டினேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: “தேயிலைக்குக் கவாத்து வெட்டுறதுக்கு முன்னாடி வேர்ல மாவு இருக்கான்னு பாத்துட்டுதானே வெட்டுவோம். முப்பத்தஞ்சு வருஷம் பாத்திருக்கேன். இதுக்கு ஏன் பாக்காமப் போனேன்?”

தேயிலைத் தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். தேயிலை தானாக விட்டால் மரமாக வளரக்கூடியது. இடுப்பளவில் நிற்பதற்குக் காரணம் கொழுந்து கிள்ளுவதும், நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுவதும்தான். கவாத்தில் இலை மொத்தமும் போய்விடும். வேரில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்தைக் கொண்டுதான் செடி திரும்பத் துளிர்க்க வேண்டும். அதனால் கவாத்துக்கு முன் சில செடிகளில் பென்சில் தடிமன் வேரை வெட்டி, வெட்டுமுகத்தில் அயோடின் சொட்டு விடுவார்கள். கருநீலமாக மாறினால் மாவு இருக்கிறது, வெட்டலாம். நிறம் ஏறவில்லை என்றால் கொழுந்து எடுக்காமல் சில வாரம் ஓய்வு கொடுத்துவிட்டு அப்புறம்தான் கத்தி. பைன் குருத்தை வெட்டுவதும் ஒரு கவாத்துதான். தொட்டி மரத்தில் வேரை வெட்டி அயோடின் விடத் தேவையில்லை. குருத்து நீளமே கணக்குச் சொல்லிவிடும். அந்தக் கணக்கு மாமாவின் போனிலேயே மூன்று வருஷமாகக் கிடந்தது.

இரண்டாவது காரணம் மாதம். கருப்பு பைன் ஜப்பான், கொரியக் கடற்கரைகளின் மரம். காலடியில் மணல், முகத்தில் உப்புக்காற்று. ஜப்பானில் பைன் போன்சாய்க்குப் பேர்போன ஊர் ஷிகோகு தீவில் தகமாட்சு நகரத்தைச் சேர்ந்த கினாஷி. அந்த நாட்டிலேயே மழை குறைந்த பகுதிகளில் அது ஒன்று. பாசனத்துக்குக் குளம் வெட்டியே பிழைத்த சீமை. அங்கும் ஜூனில் மழைக்காலம் உண்டு, ஆனால் ஜூலை நடுவில் விட்டுவிடும். அதன்பின் ஆகஸ்ட் முழுக்க வெயில் கொளுத்தும். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ வெட்டிய குருத்து அந்த வெயிலில்தான் துளிர்த்து முற்றுகிறது. மூணாறில் நடப்பது நேரெதிர். ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஜூனில் பிடித்தால் ஆகஸ்ட் வரைக்கும் வெயில் முகம் காண்பதே அரிது. வெட்டின புண் ஆறுவதற்கு முன் நனைகிறது. வெளிச்சம் இல்லாமல் தளிர் வெளுத்து நீள்கிறது. ஊசி ராப்பகலாக ஈரத்தில் நிற்கிறது. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

காந்தளூர் அதே மலையின் மறுபக்கம். மூணாறிலிருந்து மறையூர் 40 கிலோமீட்டர், அங்கிருந்து மேலே ஏறினால் நாங்கள். தென்மேற்கு மழை எங்களுக்குச் சாரலும் காற்றுமாக வந்து போகும். மறையூருக்குக் கீழே சின்னாறில் ஆண்டு மழை 500 மில்லிமீட்டர் அளவுதான். எங்களுக்குப் பெய்வது ஐப்பசி மழை. ஒரே மாவட்டம், ஒரே தாலுக்கா. ஆனால் பைனுக்கு இரண்டு வேறு பஞ்சாங்கம். டோக்கியோவுக்கு எழுதின தேதியை மூணாறில் பார்க்க முடியாது, மூணாறில் கண்டதைக் காந்தளூரில் அப்படியே செய்யவும் முடியாது.

மூன்றாவது மண். இதைத்தான் நான் முதலில் வைத்திருக்க வேண்டும். மேலே வெட்டினது தப்பாகவே இருந்தாலும் கீழே வேர் நன்றாக இருந்திருந்தால் மரம் இந்த நிலைக்கு வந்திருக்காது. தோட்டத்துச் செம்மண், சாணி எரு, கொஞ்சம் மணல் கலந்து 2011இல் நட்டது. ஏழு வருஷத்தில் சாணி மக்கி, செம்மண் களியாகி, தொட்டியின் கீழ் இரண்டு அங்குலம் சட்டி வனைகிற மண் மாதிரி இறுகியிருந்தது. ஒரு மூங்கில் குச்சியை விட்டுப் பார்த்தேன். மேலே எளிதாக இறங்கியது, கீழே போய் நின்றுவிட்டது. இழுத்து முகர்ந்தால் சாக்கடை வாடை.

இன்னொன்று, சின்னதுதான். வெட்டினதும் மரத்துக்குத் தெம்பு வேண்டும் என்று மாமா கடலைப் புண்ணாக்கு போட்டிருக்கிறார். உரம் போட வேண்டியது வெட்டுவதற்கு முன்னால், மாசியிலிருந்து வைகாசி வரை. வெட்டின அன்றைக்கு எடுத்துவிட்டு, இரண்டாம் தளிர் முற்றின பிறகுதான் திரும்பப் போட வேண்டும். இடையில் போட்டால் ஊசி நீண்டுவிடும், பிறகு வெட்டினதற்குப் பயனில்லை.

வைத்தியம்

ஐப்பசி மழை வரப்போகிற நேரம். அந்தக் காலத்தில் பைன் வேரைத் தொடக் கூடாது. நாலு கம்பு நட்டு மேலே மட்டும் பாலிதீன் கட்டினேன். பக்கவாட்டில் காற்று ஓடவேண்டும் என்பதால் மூடவில்லை. தொட்டியின் ஒரு பக்கம் அரைச் செங்கல்லை வைத்துச் சாய்த்தேன். தட்டையாக இருக்கும் தொட்டியில் அடியில் தேங்கும் தண்ணீர், சாய்த்தால் ஒரு மூலைக்கு ஓடி வடிந்துவிடும். செலவில்லாத இந்த வேலை எத்தனையோ தொட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது.

நோய் பிடித்த ஊசிகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து எரித்தேன். பாதி பச்சையாக இருந்ததை விட்டுவைத்தேன். பைன் விஷயத்தில் இது முக்கியம். ஆலும் அத்தியும் மொட்டைக் கிளையிலும் துளிர்க்கும். பைன் கிளையில் ஊசியே இல்லாமல் போய்விட்டால் அந்தக் கிளை செத்தது என்றே கணக்கு. பிறகு ஒரு சதவீத போர்டோ கலவை. ஏலத்துக்கும் மிளகுக்கும் அடிக்கிற அதே மருந்துதான், இடுக்கி மாவட்டத்தில் தெரியாதவர் இருக்க மாட்டார். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் துரிசு என்கிற மயில்துத்தம் 10 கிராம், நீற்றுச் சுண்ணாம்பு 10 கிராம், தனித்தனியாகக் கரைத்துச் சேர்க்க வேண்டும். கலவையில் இரும்புக் கத்தியை முக்கிப் பார்த்தேன். செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். படியவில்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று டிசம்பர் வரை அடித்தேன்.

2019 பிப்ரவரியில் குருத்து மொட்டு உப்பத் தொடங்கியதும் மண் மாற்றினேன். தொட்டியிலிருந்து தூக்கியபோது மாமா பக்கத்தில் இருந்தார். வேர்க்கட்டியின் அடிப்பாகம் கறுத்து, தொட்டால் வேரின் தோல் உருவிக்கொண்டு வந்தது, உள்ளே நார் மட்டும். அவர் முகம் வாடிவிட்டது. அப்புறம் வலதுபக்க ஓரத்தைக் குச்சியால் கிளறினேன். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு போன்ற இழைகள் வேரைப் பின்னியிருந்தன. அதில் ஒரு துணுக்கை எடுத்து அவர் மூக்கருகே நீட்டினேன். “காளான் வாசம்” என்றார். ஆமாம், பைன் வேரோடு சேர்ந்து வாழும் பூஞ்சை அது. வேருக்குத் தண்ணீரும் சத்தும் தேடிக் கொடுத்து, மரத்திடமிருந்து சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். அது இருக்கிற இடத்தில் வேர் உயிரோடு இருக்கிறது. சில பேர் இதைக் கெட்ட பூஞ்சை என்று நினைத்துக் கழுவி மருந்து ஊற்றிவிடுகிறார்கள். மரத்துக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை.

பைன் வேரை ஒரே தடவையில் முழுக்கக் கழுவக் கூடாது. அதனால் அழுகல் மிகுந்த இடது பாதியை மட்டும் பழைய மண் இல்லாமல் சுத்தம் செய்து, செத்த வேரை வெட்டி, வலது பாதியை அப்படியே விட்டேன். ஜப்பானில் அகடமா என்ற சுட்ட களிமண் போலிருக்கும் மண்ணைப் பயன்படுத்துவார்கள். வரவழைக்கிற செலவில் இன்னொரு மரமே வாங்கலாம். நான் போட்டது: உடைந்த நாட்டு ஓடு ஐந்து பங்கு, கருங்கல் சிப்ஸ் மூன்று பங்கு, அடுப்புக்கரி ஒரு பங்கு, பாதி மக்கிய பைன் ஊசி ஒரு பங்கு. எல்லாம் 3 முதல் 6 மில்லிமீட்டர் துண்டு. சலித்துத் தூசியைக் கொட்டிவிட வேண்டும். இந்த வேலையில் பாதி நேரம் சலிப்பதிலேயே போகும், போகட்டும். மாமா இரண்டு நாள் உட்கார்ந்து சலித்துக் கொடுத்தார். தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கிற சல்லடையைப் பார்த்துப் பழகிய கை, ஒரு பொடிகூடக் கலக்கவில்லை. கழித்த பழைய மண்ணிலிருந்து அந்த வெள்ளை இழைகளில் ஒரு பிடியைப் புது மண்ணில் பிசிறிவிட்டேன்.

அந்த வருஷம் கத்திரியைத் தொடவில்லை. புண்ணாக்கைச் சிறு துணிப்பொட்டலங்களாகக் கட்டி மண்மேல் வைத்து, காலை வெயில் ஆறு மணி நேரம் படும் இடத்தில் விட்டேன். ஜூலைக்குள் ஊசி கரும்பச்சையாகிவிட்டது.

அக்டோபரில் நானே ஒரு தப்புச் செய்தேன். உடுமலையில் ஒரு கல்யாணம். போன இடத்தில் பத்து நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. மரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று பாலிதீன் கூரை கட்டாமல் போய்விட்டேன். திரும்பி வந்தால் பத்து நாளும் ஐப்பசி மழை விடாமல் பெய்திருக்கிறது, உள்ஊசிகளில் மறுபடி பழுப்புப் பட்டை. அந்தத் தவறுக்கு ஒரு வருஷம் பின்தள்ளிப் போனது. அடுத்த பாதி மண்ணை 2020இல் மாற்ற நினைத்திருந்தேன், 2021 பிப்ரவரியில்தான் மாற்ற முடிந்தது. அதற்குப் பிறகு புரட்டாசி கடைசியில் கூரை ஏறிவிடும், தை பிறந்துதான் இறங்கும். பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் இது.

இடையில் மாமா கேட்ட கேள்வி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. “நம்ம எஸ்டேட் ரோட்டுல வரிசையா நிக்கிதே, அந்தப் பைனத் தொட்டில வெச்சா என்ன? அது இந்த மழையத் தாங்குதே.” அது பைனஸ் பாட்டுலா, மெக்சிகோ மலைகளிலிருந்து வந்து இங்கே தோட்டமாக நடப்பட்டது. மழை தாங்கும், உண்மை. ஆனால் கருப்பு பைனுக்கு ஒரு கொத்தில் இரண்டு ஊசி, விறைப்பாக நிற்கும். பாட்டுலாவுக்கு மூன்று ஊசி, 15 முதல் 25 சென்டிமீட்டர் நீளத்தில் தலைமுடி போலத் தொங்கும். ஒரு முழ உயர மரத்தில் ஒரு சாண் ஊசி தொங்கினால் மரம் தெரியாது, முடிதான் தெரியும். மூன்றடிக்கு மேல் பெரிய தொட்டி மரமாக வைக்க விரும்புகிறவர்கள் முயன்று பார்க்கலாம். அதற்கும் நாற்று வாங்கி வளர்க்க வேண்டும். ரிசர்வ் காட்டில் பிடுங்கி வருவது குற்றம், அதைச் செய்யவே வேண்டாம். சவுக்கைப் பைன் என்று நினைத்துத் தொடங்குகிறவர்களும் உண்டு. சவுக்கு நல்ல போன்சாய் மரம்தான், ஆனால் பைன் இனமே இல்லை. அதன் ஊசி போலத் தெரிவது கணுக்கணுவான குச்சி.

உருவம்

2021 டிசம்பரில் மரம், கிளைகளை வளைத்து அமைக்கச் சுற்றுகிற கம்பியைத் தாங்கும் தெம்புக்கு வந்தது. இப்போது பிரச்சினை வேறு. இடது முதல் கிளையும் பின்கிளையும் போனதால் மரத்தின் பாரம் முழுக்க வலதுபக்கம். நேராக நிறுத்தினால் ஒரு கை இழந்த ஆள் போல இருந்தது. இதை எதிர்பார்த்துத்தான் பிப்ரவரியில் மண் மாற்றும்போதே தண்டை வலதுபக்கம் முப்பது பாகை அளவுக்குச் சாய்த்து நட்டிருந்தேன். ஜப்பானியர் ஷாகான் என்கிற சாய்ந்த வடிவம். இடதுபக்கம் தடித்த வேர் ஒன்று மண்ணைப் பிடித்து நின்றதால் சாய்வு விழுகிற மாதிரித் தெரியவில்லை, காற்றை எதிர்த்து ஊன்றி நிற்கிற மாதிரித் தெரிந்தது.

செத்த இடதுகிளையை ரம்பத்தால் அறுத்துவிடச் சொன்னார் மாமா. “பட்ட கொப்ப வீட்ல வெச்சிருக்கக் கூடாதும்பாங்க மாப்ளே. ஏற்கெனவே குட்டை மரம் வெச்சா குடும்பம் வளராதுன்னு ஒங்க அத்தை சொல்லிட்டிருக்கா.” அவர் பேச்சை நான் தட்டவில்லை. “மாமா, ஒரு மாசம் பாருங்க. பிடிக்கலைன்னா நானே அறுத்துடறேன்” என்றேன். கிளையை விரல் நீளத்துக்குக் குறைத்து, இடுக்கியால் நுனியை உடைத்து, நாரோட்டத்திலேயே கிழித்துப் பட்டையை உரித்தேன். அறுத்தால் வெட்டு தெரியும். கிழித்தால் காற்றில் ஒடிந்தது போல இருக்கும். உள்ளே கட்டை பிசின் ஏறித் தேன் நிறத்தில் இருந்தது. பிசின் ஏறின பைன் கட்டை லேசில் மக்காது. அதன்மேல் சுண்ணாம்பு கந்தகக் கரைசலைத் தூரிகையால் பூசினேன். அழுகின முட்டை வாடை இரண்டு நாள் போகவில்லை. ஒரு வாரத்தில் கட்டை சாம்பல் வெள்ளையாகிவிட்டது. மறையூர்ப் பாறைச் சரிவுகளில் வெயிலில் வெளுத்து நிற்கும் பட்ட மரங்களைப் பார்த்திருப்பீர்கள், அதே நிறம். மாமா ஒரு மாதம் முடிகிற வரை காத்திருக்கவில்லை. பத்தாம் நாளே போனில், “அந்தக் கொப்பு இருக்கட்டும்” என்றார்.

கிளைக்குக் கம்பி சுற்றியது தாமிரத்தில். அலுமினியம் கைக்கு எளிது, ஆனால் பைன் கிளை விறைப்பானது, தாமிரப் பிடிதான் அதற்குச் சரி. கம்பியை நெருப்பில் மங்கிய சிவப்பு வரும்வரை காய்ச்சி ஆறவிட்டால் நூல் மாதிரி வளையும், வளைத்த பிறகு தானே இறுகிக்கொள்ளும். கம்பியின் தடிமன் கிளையில் மூன்றில் ஒரு பங்கு, சுற்று 45 பாகை சாய்வில். பெரிய வளைவு வேண்டிய இடத்தில் முதலில் நார் சுற்ற வேண்டும். ஜப்பானில் ராஃபியா நாரை நனைத்துச் சுற்றுவார்கள். நமக்குப் பூக்கட்டுகிற வாழைநார் இருக்கிறதே. ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, இடைவெளி விடாமல் கிளையைச் சுற்றி, அதன்மேல் கம்பி.

வலது முதல் கிளை கட்டைவிரல் தடிமன். அதைக் கீழே இறக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, பெருவிரல் இரண்டையும் வளைவின் வெளிப்பக்கம் கொடுத்து, மூச்சுவிடும் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தினேன். முதல் இரண்டு அங்குலம் இணங்கியது. மூன்றாவது அங்குலத்தில் நாருக்குள்ளிருந்து ‘சடக்’ என்று ஒரு சத்தம், விரலுக்கடியில் ஒரு சின்ன அதிர்வு. அப்படியே நிறுத்தினேன். மாமா எழுந்துவிட்டார். நார் இடுக்கில் ஒரு சொட்டுப் பிசின் மெல்ல வந்து நின்றது. கிளை ஒடியவில்லை, மேல்நார் கொஞ்சம் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். கையை எடுக்காமல் அந்த நிலையிலேயே இழுகம்பி போட்டுத் தொட்டியோடு கட்டினேன். மீதி வளைவை ஒரு வருஷம் கழித்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டேன். வாழைநார் இல்லாமல் இருந்தால் அந்தக் கிளை அன்றைக்குக் கையோடு வந்திருக்கும்.

பிப்ரவரிக்குப் பிறகு கிளை பருக்கத் தொடங்கும், கம்பி பதிந்தால் தழும்பு வருஷக்கணக்கில் போகாது. வாரம் ஒருமுறை பார்த்து, ஜூனுக்குள் துண்டு துண்டாக வெட்டியே எடுத்தேன். சுற்றை அவிழ்க்கப் போனால் ஊசி கொட்டும்.

மறுபடியும் கத்திரி

2022இல் ஓய்வு. 2023 மே மாதம் மாமாவும் நானும் ஸ்கேலை வைத்து அளந்தோம். உச்சிக் குருத்து 9 சென்டிமீட்டர், நடுவில் 5, கீழே 3. அயோடின் பரிசோதனை முடிந்தது என்றார் மாமா. வெட்டலாம்.

இந்த முறை ஒரே நாளில் வெட்டவில்லை. ஜூன் 5ஆம் தேதி பலம் குறைந்த குருத்துகள், பத்து நாள் கழித்து நடுத்தரம், அதற்கும் பத்து நாள் கழித்து உச்சியில் இருக்கிற முரட்டுக் குருத்துகள். பலம் குறைந்தது திரும்ப வளர அதிக நாள் வேண்டும் என்பதால் அதை முதலில் வெட்டுவது. உச்சிக்கு நாள் குறைவாகக் கிடைப்பதால் அதன் துள்ளலும் அடங்கும். மேலும் கீழும் ஒரே அளவில் வரும். கீழ்க்கிளையில் 2 சென்டிமீட்டருக்குக் குறைவான ஐந்து குருத்துகளைத் தொடவே இல்லை. புண்ணாக்குப் பொட்டலங்களை ஜூன் 4ஆம் தேதியே எடுத்துவிட்டோம்.

காந்தளூரில் ஜூன் தேதிக்குக் காரணம் ஐப்பசி மழை. வெட்டினால் நாலைந்து வாரத்தில் துளிர்க்கும், சாரலும் வெயிலும் மாறி மாறி வருகிற ஆடி ஆவணியில் வளரும், புரட்டாசி முடிவதற்குள் ஊசி முற்றிவிடும். மூணாறுப் பக்கம், மேலே மழைக்கூரை இல்லாமல் கருப்பு பைன் குருத்தை வெட்டவே கூடாது என்பது என் முடிவு. அங்கே இருக்கிறவர்கள் மரத்தைத் தரமான மண்ணில் வைத்துப் பலப்படுத்தட்டும், கிளையைக் கம்பியால் அமைக்கட்டும். ஊசி நீளமாக இருந்தால் இருக்கட்டும்.

வெட்டிய 46 இடத்தில் 43 துளிர்த்தன. ஒவ்வொரு இடத்திலும் மூன்று நாலு மொட்டு. மழை முடிந்து டிசம்பரில் இரண்டிரண்டாக விட்டு மற்றதைக் கிள்ளினோம். பழைய ஊசிகளையும் அப்போதே குறைத்தோம். உச்சியில் நுனிக்கு ஐந்து ஜோடி, நடுவில் ஏழு, கீழே பத்து. உச்சியில் ஊசி குறைந்தால் கீழே வெயில் இறங்கும், கீழ்க்கிளை பலப்படும். மாமா ஒரு தட்டில் கிள்ளின ஊசிகளைச் சேர்த்து வைத்துப் பழைய ஊசியையும் புது ஊசியையும் பக்கத்தில் வைத்து அளந்தார். பழையது 10, புதியது 5 சென்டிமீட்டர்.

2024 ஜூனில் வெட்டவில்லை. மே மாதம் அளந்தபோது உச்சிக் குருத்து 6, கீழே 2தான் இருந்தது. மாமா ஸ்கேலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “மாவு பத்தாது, விட்ரு” என்றார். விட்டுவிட்டோம். மரம் இப்போது என் கொட்டகையில் கிழக்குப் பார்த்த பலகையில் இருக்கிறது. மூணாறுக்கு எடுத்துப்போகச் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை பஸ்ஸில் வருகிறார், இறங்கினதும் வீட்டுக்குள் வராமல் நேரே கொட்டகைக்குப் போய்விடுகிறார். வலது முதல் கிளையில் பாக்கி வைத்த வளைவு இந்தத் தையில் செய்ய வேண்டும். வாழைநாரை அவரே கிழித்துக் காயவைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.